மகன் ஓட்டிய வண்டியும் தாயின் உடைமையும்

கஞ்சாப் பொட்டலத்தோடு ஒருவன் பிடிபடும்போது அவனைச் சிறைக்கும், அவன் ஏறி வந்த வண்டியை ஸ்டேஷன் வளாகத்துக்கும் அனுப்பிவைப்பது போலீஸாரின் கடமை. அதற்கு ஆட்சேபம் சொல்ல எவருக்கும் நியாயமில்லை. ஆனால் அந்த வண்டி அவனுடையதாக இல்லாமல், தையல் மிஷினில் உழைத்து மாதாமாதம் தவணை கட்டிவந்த தாயாருடையதாகவோ, வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் அண்ணனுடையதாகவோ, ஓர் அவசரத்துக்கென்று சாவியைக் கொடுத்த மாமனுடையதாகவோ இருந்துவிடுமானால், குற்றத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு குடும்பஸ்தர் தம் ஜீவனத்துக்கான சாதனத்தை இழந்து, தாம் நிரபராதி என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டியவராகக் கோர்ட்டு வாசலில் நிற்கும் விபரீத நிலைமை உண்டாகிறது. இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகமாக எழுதப்படுவதில்லை. போதைப்பொருள் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், குற்றவாளியின் பந்துக்களுக்காக வாய் திறப்பதே குற்றவாளிக்காகப் பரிந்து பேசுவதாக எண்ணப்பட்டுவிடுமோ என்னும் தயக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம். போதைப்பொருள் வியாபாரத்தின்மீது எனக்குச் சிறிதும் இரக்கம் கிடையாது. இளைஞர்களின் புத்தியையும் தேகத்தையும் அது எவ்வாறு நாசம் செய்கிறது என்பதைக் கண்ணால் கண்ட எவருக்கும் இருக்க முடியாது. ஆயினும் அறியாதவரைத் தண்டிப்பதனால் அந்த வியாபாரம் ஓர் அணுவளவும் குறைந்துவிடப் போவதில்லை.

1985ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், வக்கீல்களும் போலீஸாரும் என்.டி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சட்டம், தன் 60ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் வாகனங்களைப் பற்றிப் பேசுகிறது. தடைசெய்யப்பட்ட பொருளைக் கொண்டுசெல்ல உபயோகிக்கப்பட்ட எந்த மிருகமும், எந்த வாகனமும் பறிமுதலுக்கு உரியதாகும். தமக்குத் தெரியாமலும் தம் உடந்தை இல்லாமலும் அது அவ்வாறு உபயோகிக்கப்பட்டது என்று உடையவர் ருசுப்படுத்தினால் விலக்கு உண்டு. இவ்வளவோடு நின்றிருந்தால் குறை சொல்வதற்கு அதிகம் இராது. ஆனால் சட்டம் அதற்கு அப்பாலும் போகிறது. உடையவருக்கு மட்டுமன்றி, அவருக்கு ஏஜெண்டு எவரேனும் இருந்தால் அவருக்கும், அச்சமயம் வாகனத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் விஷயம் தெரியாது என்பதையும், இவர்கள் ஒவ்வொருவரும் அத்தகைய உபயோகத்தைத் தடுப்பதற்கு நியாயமான முன்ஜாக்கிரதைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அச்சமயம் வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் யார்? பிடிபட்ட மகனேதான். தமக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தாயார் எவ்வளவு தெளிவாக எடுத்துக் காட்டினாலும், ஓட்டி வந்த மகனுக்கும் தெரியாது என்று அவர் நிரூபிக்காத வரைக்கும், சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் வண்டி அவருக்குத் திரும்ப வழியில்லை. மகன் குற்றவாளி என்று தீர்ப்பாகும் பட்சத்தில் தாயாருடைய நியாயமும் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே அடைபட்டுப் போகிறது.

இந்த வாசகத்தின் சாயலை 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 115ஆவது பிரிவிலும் காணலாம். கடத்தல் சரக்கு ஏற்றிய வாகனத்தின் உடையவர் தாமும், தம் ஏஜெண்டும், வாகனத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் அறியாதவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்பதே அங்கும் விதி. உடையவர், ஏஜெண்டு, பொறுப்பாளர் என்று மூவரையும் ஒரே கயிற்றில் கட்டுவதில், படகு வைத்துச் சரக்கு ஏற்றுபவருக்கும் லாரிக் கம்பெனி நடத்துபவருக்கும் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி முதலாளி டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறார், சம்பளம் கொடுக்கிறார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று டிரிப் ஷீட் எழுதி வைக்கிறார், வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கருவி பொருத்திக் கண்காணிக்கிறார், வழியில் வேற்றாளையோ வேற்றுச் சரக்கையோ ஏற்றக் கூடாதென்று எழுத்து மூலமாக உத்தரவு போடுகிறார். முன்ஜாக்கிரதை என்று சட்டம் கேட்பதற்கு அவர் ஏதேனும் காகிதம் காட்ட முடியும். வீட்டில் அப்படி என்ன காகிதம் இருக்கிறது? மொபெட்டின் சாவி கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் தொங்குகிறது. யாருக்கு அவசரமோ அவர் எடுத்துக்கொண்டு போகிறார். தம்பி கேட்டால் அக்காள் எதற்கென்று கேட்பதில்லை. கேட்டாலும், கடைக்கு என்று அவன் சொன்னால் நம்புகிறாள். வண்டியின் சீட்டைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறதென்று மகன் புறப்படும்போதெல்லாம் சோதனை போடும் தாயார் எவரும் இல்லை. இருந்தால் அந்த வீட்டில் வாழ்க்கை நடக்காது. சட்டம் எதிர்பார்க்கும் முன்ஜாக்கிரதை, குடும்ப விசுவாசத்தின் சுபாவத்துக்கே விரோதமானது.

பொருளின் அளவு எவ்வளவாயினும் வாகனத்தின் கதி ஒன்றே என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கஞ்சாவில் 1 கிலோ வரைக்கும் சிறிய அளவு என்றும், 20 கிலோவுக்கு மேற்பட்டால் வியாபார அளவு என்றும் வகுத்து, முன்னதற்கு ஒரு வருஷம் வரைக்குமான சிறையோ 10,000 ரூபாய் வரைக்குமான அபராதமோ இரண்டுமோ, பின்னதற்குக் குறைந்தபட்சம் பத்து வருஷச் சிறை என்று, மனிதனுடைய தண்டனையில் சட்டம் படி வைத்திருக்கிறது. வாகனத்தில் அந்தப் படி இல்லை. ஐம்பது கிராம் கஞ்சாவோடு பிடிபட்ட வாலிபன் அபராதம் கட்டி வீடு திரும்பிவிடலாம்; அவன் ஓட்டி வந்த, லட்ச ரூபாய்க்கும் மேல் விலை பெறும் மோட்டார் சைக்கிள் பறிமுதலாகலாம். அபராதம் குற்றம் செய்தவனுக்கு. அதைவிடப் பல மடங்கு பெரிய நஷ்டம் செய்யாதவருக்கு. இவ்விதமான விகித விபரீதம் சட்டத்தை இயற்றியவர்களின் உத்தேசமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி, நடைமுறையில் ஏற்படும் பெருங்குழப்பத்துக்கு வருகிறேன். வழக்கு முடிந்தபின் வாகனத்தை நிரந்தரமாக அரசாங்கத்துக்குச் சேர்ப்பதா என்பது ஒரு கேள்வி. வழக்கு முடியும் வரைக்கும் அது யாருடைய பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. மேற்சொன்ன 60ஆவது பிரிவு முதற்கேள்விக்கு உரியது. இரண்டாவதற்கு உரியவை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 ஆகிய பிரிவுகளும், 2024ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அதற்குப் பதிலாக வழங்கிவரும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497, 503 ஆகிய பிரிவுகளும். இவ்விரண்டு கேள்விகளும் ஸ்டேஷனில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. "என்.டி.பி.எஸ். கேஸும்மா, வண்டி வராது" என்று ரைட்டர் சொல்லும் ஒற்றை வாக்கியத்தைக் கேட்டு, மேற்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். வராது என்பது சட்டமல்ல. விசாரணை முடியும் வரைக்கும் வாகனத்தைத் தம் பொறுப்பில் ஒப்படைக்கும்படி கோர்ட்டை நாடும் உரிமை உடையவருக்கு உண்டு என்பதும், கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதும் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லியிருக்கும் சங்கதிகள்.

கைப்பற்றிய பொருள்களை என்ன செய்வது என்பதற்கு ஆதாரமாக எல்லாக் கோர்ட்டுகளும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு, 2002ஆம் வருஷம் குஜராத் மாநிலத்து வழக்கொன்றில் பிறந்தது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் போலீஸ்காரர்களே. சூரத்தைச் சேர்ந்த ஒரு ஸ்டேஷனில் பாதுகாப்பில் இருந்த வழக்குச் சொத்துக்களை மாற்றி வைத்தார்கள், அங்கிருந்த பணத்தைக் கையாடினார்கள் என்பது அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றம். பொருள்களை வருஷக்கணக்கில் ஸ்டேஷனில் கிடக்க விடுவதே இத்தகைய அனர்த்தங்களுக்கு இடம் கொடுக்கிறது என்பதை உணர்ந்த சுப்ரீம் கோர்ட்டு, வாகனங்களை ஸ்டேஷன்களில் நீண்ட காலம் நிறுத்தி வைப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்றும், படமெடுத்து, மகஜர் எழுதி, தகுந்த பிணையும் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், எப்படியும் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் பொருள்கள் ஸ்டேஷனில் தங்கலாகாது என்றும் அறிவுறுத்தியது. அது சொல்லி இருபது வருஷங்களுக்கு மேலாகியும், நம் ஸ்டேஷன்களின் மதிலோரங்களில் செடி படர்ந்து, டயர் மண்ணில் புதைந்து, சீட்டுக் கிழிந்து நிற்கும் வண்டிகளைப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

மற்ற வழக்குகளில் இந்தத் தீர்ப்பு ஓரளவு அனுசரிக்கப்பட்டாலும், போதைப்பொருள் வழக்குகளுக்கு அது பொருந்துமா என்னும் சந்தேகம் வெகு காலம் இருந்தது. 2014ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 52ஏ பிரிவில் வாகனங்களும் சேர்க்கப்பட்டன. கைப்பற்றியவற்றை வழக்கு முடிவதற்கு முன்பே அப்புறப்படுத்துவதற்கு வழிசெய்யும் பிரிவு அது. பிறகு 2022ஆம் வருஷத்தில் வந்த விதிகள், அப்புறப்படுத்தும் காரியத்தை அதிகாரிகள் அடங்கிய ஒரு குழுவிடம் ஒப்படைத்தன. வாகனத்தின் கதியைத் தீர்மானிப்பது இனி அந்தக் குழுவே, கோர்ட்டு அல்ல என்று சில இடங்களில் பொருள் கொள்ளப்பட்டது. அதனால் உடையவரின் மனுவை விசாரிப்பதற்கே கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் நிலைமை ஏற்பட்டது.

2025ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு தீர்ப்புகளால் இந்த மூடுபனியைப் பெருமளவு விலக்கியது. முதலாவது ஜனவரி மாதத்தில், அசாம் மாநிலத்திலிருந்து வந்த வழக்கு. கடன் வாங்கி லாரி வாங்கிய ஒருவருடைய வண்டியில், அதில் பயணம் செய்த வேறொருவர் தொடர்பாக, தார்ப்பாய்க்குள் மறைத்து வைத்த சோப்புப் பெட்டிகளில் 24.8 கிராம் ஹெராயின் அகப்பட்டது. உடையவர்மீதோ டிரைவர்மீதோ குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் லாரி விடுவிக்கப்படவில்லை. நீதிபதிகள் சஞ்சய் கரோலும் மன்மோகனும், இத்தகைய வழக்குகள் பொதுவாக நான்கு வகைப்படும் என்று பிரித்தார்கள்: பொருள் உடையவரிடமே அகப்படுவது, அவர் அமர்த்திய டிரைவர், கிளீனர் போன்ற ஏஜெண்டிடம் அகப்படுவது, திருடப்பட்ட வண்டியில் அகப்படுவது, உடையவரின் உடந்தை என்று போலீஸார் சொல்லாத நிலையில், வண்டியில் ஏறிய மூன்றாம் மனிதரிடம் அகப்படுவது. முதலிரண்டு வகைகளில் சாதாரணமாக வாகனத்தை விடுவிப்பதற்கில்லை. பின்னிரண்டில் சாதாரணமாக விடுவிக்க வேண்டும். தனியார் விமானத்திலோ கப்பலிலோ பயணி ஒருவர் ஹெராயின் கொண்டுவந்தால், வழக்கு முடியும் வரைக்கும் விமானத்தையும் கப்பலையும் நிறுத்தி வைப்பதா என்று அவர்கள் கேட்ட கேள்வி, எதிர்வாதத்தின் அசம்பாவிதத்தை நன்றாக எடுத்துக் காட்டியது.

இரண்டாவது தீர்ப்பு அக்டோபரில் வந்தது. அது நம் மாநிலத்து வழக்கு. சத்தீஸ்கரிலிருந்து ராணிப்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றி வந்த லாரியில், டிரைவர் முதலானவர்களிடம் 6 கிலோ கஞ்சா அகப்பட்டது. உடையவர் குற்றப்பத்திரிகையில் சேர்க்கப்படவில்லை. கீழ்க்கோர்ட்டும் ஹைக்கோர்ட்டும் மறுத்த பிறகு அவர் டில்லி வரைக்கும் போக நேர்ந்தது. 2022ஆம் வருஷத்து விதிகள் மூலச் சட்டத்துக்கு மேற்பட்டவை ஆகமாட்டா, வாகனத்தை இடைக்காலத்தில் ஒப்படைக்கும் அதிகாரம் சிறப்புக் கோர்ட்டுக்கு அப்படியே இருக்கிறது என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. அவ்வளவு விலையுள்ள சரக்கையும் லாரியையும் ஆறு கிலோ கஞ்சாவுக்காக ஆபத்துக்கு உள்ளாக்கும் உடையவர் இருப்பாரா என்னும் லோக நியாயமும் அங்கே எடைபோடப்பட்டது. டிரைவரிடமே பொருள் அகப்பட்ட வழக்கு இது என்பது விசேஷம். முந்தைய தீர்ப்பின் இரண்டாவது வகை கல்லில் வெட்டிய விதியல்ல என்பதை இதிலிருந்து நான் கிரகித்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனாலும் தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயாரை நினைத்துக்கொண்டு நான்கு வகைகளையும் மறுபடி படிக்கும்போது, அவருக்கு அவற்றுள் இடமில்லை என்பது தெரிகிறது. மகன் அவர் சம்பளம் கொடுத்து அமர்த்திய டிரைவர் அல்லன். அவருடைய காரியமாக அவன் போகவுமில்லை. அவன் வண்டியைத் திருடவுமில்லை. சம்மதத்தோடுதான் எடுத்துப் போனான். வழியில் ஏறிக்கொண்ட பயணியும் அல்லன், ஓட்டியவனே அவன்தான். இரவல் வாங்கிய உறவினன் என்னும் ஐந்தாவது வகை அங்கே சொல்லப்படவில்லை. இரு வழக்குகளும் லாரிகளைப் பற்றியவை. இடுப்பில் சாவி செருகிக்கொண்டு போகும் தம்பிமார்களைப் பற்றி அந்தக் கோர்ட்டு யோசிக்க வேண்டிய சந்தர்ப்பம் எழவில்லை. அதனால் கீழ்க்கோர்ட்டுகள் இவனை ஏஜெண்டாகப் பாவிப்பதா, மூன்றாம் மனிதனாகப் பாவிப்பதா என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமிருக்கிறது. ஏஜெண்டு என்பவன் மற்றொருவருக்காகக் காரியம் செய்பவன். இரவல் வாங்கியவன் தனக்காகவே போகிறான். ஆகையால் உடையவர் அறிந்திருந்தார் என்று போலீஸார் குறிப்பாகச் சொல்லாத ஒவ்வொரு வழக்கிலும் அவனை மூன்றாம் மனிதனாகவே கொண்டு வாகனத்தை ஒப்படைப்பதுதான் நியாயத்துக்கு இணங்கியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிடுவதற்கில்லை. கஞ்சா வியாபாரிகள் தந்திரசாலிகள். வண்டியை மனைவி பெயரிலும், மாமியார் பெயரிலும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிடிபட்டதும் அவர்களை மனுப்போடச் செய்து வண்டியை மீட்டு, மறு மாதமே அதே வண்டியில் அதே தொழிலுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று போலீஸ் அதிகாரிகள் சொல்வது அனுபவத்தில் பிறந்த வார்த்தை. ஆனால் இதற்கான ஆயுதங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. தெரிந்தே தம் வாகனத்தைக் குற்றத்துக்கு விட்டுக் கொடுத்த உடையவருக்கு, குற்றம் செய்தவனுக்குரிய அதே தண்டனையை 25ஆவது பிரிவு விதிக்கிறது. மனைவியும் மாமியாரும் உடந்தை என்று நம்புவதற்கு ஆதாரம் இருக்குமானால் அவர்கள்மீது அந்தப் பிரிவில் வழக்குத் தொடரட்டும். குற்ற வருமானத்தில் பந்துக்களின் பெயரில் வாங்கிய சொத்தாக இருந்தால், 1989ஆம் வருஷத்தில் சேர்க்கப்பட்ட 5ஏ அத்தியாயம், கடுந்தண்டனைக்குரிய வழக்குகளில் குற்றவாளியின் உறவினர் பெயரிலுள்ள சொத்துக்கள்வரை கை நீட்டுவதற்கு அதிகாரம் தருகிறது. இடைக்கால ஒப்படைப்பிலும் நிபந்தனைகள் உண்டு. வழக்கு முடியும் வரைக்கும் விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பறிமுதல் என்று முடிவானால் வண்டியையோ அதன் மதிப்பையோ கட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுக்கப்படுகிறது. ஒருமுறை மீட்ட வண்டி மறுமுறையும் பிடிபடுமானால் அப்போது உடையவரின் அறியாமையை நம்ப வேண்டிய அவசியம் எந்தக் கோர்ட்டுக்கும் இல்லை. இத்தனை ஆயுதங்களையும் உறையிலேயே வைத்துவிட்டு, எல்லா உடையவர்களையும் ஒன்றுபோல் சந்தேகிப்பது புலன்விசாரணையின் சிரமத்தை நிரபராதிகளின் தலையில் ஏற்றுவதாகும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 2019ஆம் வருஷம், கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தாயார் ஒருவர் கொடுத்திருந்த காரைக் கஞ்சா காரணமாகப் போலீஸார் கைப்பற்றினர். அவர் நிரபராதி என்று ஏற்கப்பட்டுக் கார் திரும்புவதற்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேலாயிற்று. இடைக்காலத்திலேயே தம்மை விசாரித்திருக்க வேண்டும் என்ற அவருடைய வாதத்தை, 2024ஆம் வருஷம் மே மாதத்தில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் ஆறு நீதிபதிகள் மறுத்தார்கள்; மூவர் மாறுபட்டார்கள். அவ்விஷயத்தில் நம் சட்டம் மேலானது. இடைக்கால மனுவுக்கு இங்கே தெளிவான வழி இருக்கிறது. ஆனால் வேறொரு விஷயத்தில் அவர்கள் முந்திவிட்டார்கள். 2000ஆம் வருஷத்தில் அந்நாட்டு மத்திய அரசாங்கம் இயற்றிய சட்டப்படி, அறியாத உடையவர் தம்முடைய அறியாமையை மட்டும் நிரூபித்தால் போதும். ஓட்டியவனுடைய அறியாமையையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியதில்லை.

வண்டி கைப்பற்றப்பட்ட குடும்பத்தார் செய்ய வேண்டியதைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில் ஸ்டேஷனில் கெஞ்சிக்கொண்டிருப்பதில் வீணாகும் வாரங்களே அநேகம். போதைப்பொருள் வழக்கில் வண்டியை விடுவிக்கும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு இல்லை. அதற்காக அங்கே எவருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மகஜரின் நகலையும் பெற்றுக்கொண்டு, வழக்கு நிலுவையிலுள்ள சிறப்புக் கோர்ட்டில் வக்கீல் மூலமாக மனுச் செய்ய வேண்டும். மனுச் செய்ய வேண்டியவர் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பமாகிறது. பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறவர்களும், தகப்பனார் காலமான பிறகும் அவர் பெயரிலேயே வைத்திருப்பவர்களும் நம்மில் அநேகர். உடையவர் இறந்தால் முப்பது நாளைக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதைச் செய்யாத வீட்டார், வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் சேர்த்துக்கொண்டு போக நேரிடுகிறது. உடையவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி செய்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் மற்றொருவர் மனுச் செய்ய வேண்டியிருக்கும். தவணைக் கடன் பாக்கியிருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் ஆட்சேபமின்மைக் கடிதமும், இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதற்கான சான்றும் கையில் இருப்பது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம் பிரமாண வாக்குமூலம்: வண்டி எப்போது, எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது, அன்றைக்கு அவன் எதற்கென்று சொல்லி எடுத்துப் போனான், கைதான செய்தி எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பவற்றை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். மகனைக் காப்பாற்றும் ஆவலில், அவன் வண்டியில் போகவே இல்லை என்றோ, பொருளைப் போலீஸார்தான் வைத்தார்கள் என்றோ தாயார் இந்த வாக்குமூலத்தில் எழுதிவைப்பது மிகுந்த ஆபத்து. அவனுடைய பாதுகாப்பு வாதம் அவனுடைய வக்கீலின் காரியம். வண்டி மனுவில் அதைக் கலந்தால் இரண்டுமே பலவீனப்படும். சிறப்புக் கோர்ட்டு மறுத்தால் ஹைக்கோர்ட்டு இருக்கிறது.

காலம் கடத்துவதனால் உண்டாகும் நஷ்டத்தைக் கோர்ட்டுகளும் மனத்தில் கொள்ள வேண்டும். வண்டி ஓடாவிட்டாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது, இன்சூரன்ஸ் காலாவதியாகிறது, வாடகை வண்டியானால் எஃப்.சி.யும் முடிந்துபோகிறது. ஒரு பருவமழையைத் திறந்த வெளியில் கழித்த ஆட்டோவின் பேட்டரியும் வயரிங்கும் என்ன கதியாகும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு இதற்குக் கால வரம்பே வைத்துவிட்டது: சொத்து கோர்ட்டின் முன் வந்த பதினான்கு நாளைக்குள் விவரப் பட்டியல் தயாரித்து, புகைப்படமோ வீடியோவோ எடுத்து, அதற்கப்பால் முப்பது நாளைக்குள் அதை ஒப்படைப்பதா, வேறு விதமாகத் தீர்ப்பதா என்று உத்தரவிட வேண்டும். படமும் பட்டியலும் விசாரணையில் சாட்சியமாகப் பயன்படும். ஆகையால் சாட்சியத்துக்காக வண்டி வேண்டும் என்னும் பழைய சமாதானம் இனிச் செல்லாது. சிறிய அளவு வழக்குகளில், உடையவர்மீது குற்றச்சாட்டு இல்லாதபோது, அரசாங்கத் தரப்பு வக்கீல்கள் இயந்திரம்போல் ஆட்சேபம் எழுதிக் கொடுக்காமல் இருப்பதற்கு மாநில அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்குப் பார்லிமெண்டின் தயவு வேண்டியதில்லை.

ஆனால் இடைக்காலத்தில் மீண்ட வண்டி கடைசியிலும் தாயாரிடமே நிலைக்க வேண்டுமானால் 60ஆவது பிரிவில் கை வைத்தே ஆக வேண்டும். வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வாகனங்களுக்கு இப்போதுள்ள வாசகம் அப்படியே இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்காகப் பதிவான வாகனத்தைக் குடும்பத்தாரோ உறவினரோ எடுத்துப்போன சந்தர்ப்பங்களில், உடையவர் தம்முடைய அறியாமையை நிரூபித்தால் போதும் என்று ஒரு விலக்குச் சேர்த்தால் இந்த அநியாயம் நீங்கிவிடும். இது அசாத்தியமான கோரிக்கையன்று. 1989, 2001, 2014, 2021 ஆகிய வருஷங்களில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றுள் 2021ஆம் வருஷத்துத் திருத்தம், 27ஏ பிரிவில் ஓர் உட்பிரிவின் குறியீடு தவறாக நின்றுவிட்டதைச் சரிப்படுத்துவதற்காகவே கொண்டுவரப்பட்டது. ஒரு குறியீட்டின் பிழைக்காகத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்ற அவகாசம் கண்ட பார்லிமெண்டில், இந்த விலக்குக்காகத் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரும் உரிமை தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருக்கிறது. அவர்களுள் வக்கீல் தொழில் நடத்தியவர்களும் இருக்கிறார்கள்.